தாய் டேபிளை மறக்காதீர்கள்: பார்ட்டிஷன் செய்த டேபிள்களில் பிளானர் புள்ளிவிவரத்தைப் புதிதாக வைத்திருக்க ஒரு போஸ்ட்கிரெஸ் வழிகாட்டி

ஒரு பெரிய டேபிள், மாதத்துக்கு ஒன்று என்று 36 பார்ட்டிஷனாகப் பிரித்தது. டேபிள்களைப் பின்னணியில் தானாகப் பராமரிக்கும் ஆட்டோவேக்யூம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் நேற்றோ முந்தாநாளோ அனலைஸ் (டேபிளில் மாதிரி எடுத்துப் புள்ளிவிவரம் எழுதும் வேலை) ஆகியிருக்கிறது. ஆனாலும் மாத அறிக்கைக்கான க்வெரி, போன வாரம் வரை இரண்டு நிமிடத்தில் முடிந்தது, இப்போது முடிவதாகவே இல்லை.

இந்தப் புகாரோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தாய் டேபிளுக்கு, அதாவது எல்லாப் பார்ட்டிஷனுக்கும் மேலே இருக்கும் டேபிளுக்கு, கடைசியாக எப்போது அனலைஸ் ஓட்டினீர்கள்? “அதில்தான் ஒரு ரெக்கார்டும் இல்லையே, அதற்கு எதற்கு அனலைஸ்?” என்பதுதான் பெரும்பாலும் பதில். பிழை அந்தப் பதிலில்தான் இருக்கிறது. தாய் டேபிளில் ரெக்கார்டு கிடையாது, ஆனால் அதன் பெயரில் புள்ளிவிவரம் உண்டு. க்வெரியை எந்தப் பாதையில் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பிளானர், அதை நம்பித்தான் பல முடிவுகளை எடுக்கிறது. ஆட்டோவேக்யூம் அதைத் தொடவே தொடாது.

கீழே எல்லா இடத்திலும் ஒரே உதாரணம்: டிக்கெட் என்ற டேபிள், பயணத் தேதிப்படி மாதாமாதம் பிரித்தது, பார்ட்டிஷனுக்குச் சுமார் 2 கோடி ரெக்கார்டு, மொத்தம் 72 கோடி. அதே மாதிரி பிரித்த கட்டணம் என்ற இன்னொரு டேபிள்.

1. தொடங்கும் முன் நான்கு விஷயம்

பதிப்பு எண். 14-க்கு முன்னும் பின்னும் நடத்தை வேறு, 18-ல் மறுபடியும் வேறு. “போஸ்ட்கிரெஸ்தான்” என்பது இங்கே போதுமான பதில் இல்லை. சர்வரிடமே கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உரிமை. டேபிளின் ஓனர் அல்லது சூப்பர்யூசர் அனலைஸ் ஓட்டலாம். 17-லிருந்து மெயின்டெய்ன் என்ற தனி உரிமையும் வந்திருக்கிறது. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது: உரிமை இல்லாத டேபிளுக்கு அனலைஸ் ஓட்டினால் பிழை வராது. ஒரு வார்னிங் மட்டும் எழுதிவிட்டு அந்த டேபிளைத் தாண்டிப் போய்விடும். கிரானில் (நேரம் வைத்து வேலை ஓட்டும் கருவி) போட்ட வேலை தினமும் வெற்றி என்று காட்டும், உள்ளே எதுவும் நடந்திருக்காது. தாய் ஒருவர் பெயரிலும் சில பார்ட்டிஷன்கள் வேறொருவர் பெயரிலும் இருந்தால் அந்தச் சில மட்டும் விட்டுப்போகும். அதனால் முதல் முறை கையால் ஓட்டி, வார்னிங்கைக் கண்ணால் பாருங்கள்.

பார்ட்டிஷன் மரம். இரண்டு அடுக்காகப் பிரித்திருக்கிறீர்களா, டிஃபால்ட் பார்ட்டிஷன் (எந்த வரம்பிலும் சேராத ரெக்கார்டு போய் விழுவது) உண்டா, ஏதாவது பார்ட்டிஷன் வேறு சர்வரிலுள்ள ஃபாரின் டேபிளா என்று தெரிந்திருக்க வேண்டும். 12-லிருந்து பிஜி_பார்ட்டிஷன்_ட்ரீ என்ற ஃபங்ஷன் முழு மரத்தையும் காட்டும், எது கடைசி இலை (கீழே வேறு பிரிவு இல்லாமல் ரெக்கார்டை வைத்திருக்கும் பார்ட்டிஷன்) என்பதோடு. ஃபாரின் டேபிளையும் ஆட்டோவேக்யூம் அனலைஸ் செய்யாது. அதுவும் உங்கள் தலையில்தான்.

கடைசியாக, மெதுவாக ஓடும் இரண்டு மூன்று க்வெரிகளும் அவற்றின் எக்ஸ்பிளைன் அனலைஸ் வெளியீடும் (பிளானர் தேர்ந்தெடுத்த பாதையை, மதிப்பீட்டோடும் நிஜத்தோடும் காட்டுவது). வேலை முடிந்தபின் ஒப்பிட இது இல்லையென்றால், சரியானதா என்று சொல்ல வழியே இருக்காது.

2. எந்தப் புள்ளிவிவரம் எங்கே பயன்படுகிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள்

இது புரியாமல் அடுத்த படிக்குப் போனால் எல்லாவற்றையும் குருட்டாம்போக்கில்தான் செய்வீர்கள்.

“ஜூன் மாதம், சேலம் டிப்போ” என்று வேர் (WHERE) பகுதியில் வடிகட்டினால், பிளானர் தேவையில்லாத மாதங்களைக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் எத்தனை ரெக்கார்டு வரும் என்று அந்தந்தப் பார்ட்டிஷனின் புள்ளிவிவரத்தைப் பார்த்துக் கணக்கிடும். பிறகு கூட்டிக்கொள்ளும். இந்தப் பகுதி ஆட்டோவேக்யூம் தயவில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

ஆனால் குரூப் பை செய்யும்போது எத்தனை குழு வரும் என்பதற்கும், ஜாயின் செய்யும்போது எத்தனை ஜோடி பொருந்தும் என்பதற்கும், பிளானர் தாய் டேபிளின் பெயரிலுள்ள புள்ளிவிவரத்தைத்தான் எடுக்கும். கழித்தபின் ஒரே ஒரு பார்ட்டிஷன் மிஞ்சினாலும் அப்படித்தான். க்வெரியில் நீங்கள் எழுதியது தாயின் பெயரை அல்லவா.

பார்ட்டிஷன்களின் புள்ளிவிவரங்களைக் கூட்டிச் சேர்த்துத் தாயின் புள்ளிவிவரத்தை உண்டாக்கும் வசதி போஸ்ட்கிரெஸில் இல்லை. ஆரக்கிளில் இன்க்ரிமென்டல் முறையில் பழகி வந்தவர்கள் இங்கேயும் அது தானாக நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே தாய்க்கு ஒவ்வொரு முறையும் புதிதாக மாதிரி எடுக்க வேண்டும், அதுவும் யாராவது சொன்னால்தான். (14-ம் பதிப்புக்காக இதைத் தானாகச் செய்யும் ஒரு மாற்றம் உள்ளே வந்து, வெளியீட்டுக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டது. பழைய கட்டுரை எதிலாவது “14-ல் சரியாகிவிட்டது” என்று படித்திருந்தால் காரணம் இதுதான்.)

3. இப்போதைய நிலையைப் பாருங்கள்

இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும்.

முதலாவது பிஜி_ஸ்டேட்ஸ் வியூ. டேபிளின் பெயர் டிக்கெட், இன்ஹெரிட்டட் என்ற நெடுவரிசை ட்ரூ என்று வடிகட்டுங்கள். ஒரு வரியும் வரவில்லையென்றால் தாய்க்குப் புள்ளிவிவரமே இல்லை என்று பொருள். ஒரு எச்சரிக்கை: உங்களுக்குப் படிக்க உரிமை இல்லாத நெடுவரிசைகள் இந்த வியூவில் தெரியாது. ஆகவே உரிமையுள்ள கணக்கிலிருந்து பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

இரண்டாவது பிஜி_ஸ்டேட்_யூசர்_டேபிள்ஸ். 14-லிருந்து தாய் டேபிளும் இதில் வரும். லாஸ்ட்_அனலைஸ் நெடுவரிசையில் கடைசியாகக் கையால் ஓட்டிய நேரம் இருக்கும். லாஸ்ட்_ஆட்டோஅனலைஸ் தாய்க்கு எப்போதும் காலியாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 13-லும் அதற்கு முன்னும் தாய் இதில் வராது. அங்கே நேரத்தை நீங்களே எங்காவது பதிந்து வைப்பதுதான் வழி.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, என்_மாட்_சின்ஸ்_அனலைஸ் என்ற எண்ணைத் தாய்க்கு நம்புவது. ரெக்கார்டு போய் விழுவது பார்ட்டிஷனில் என்பதால் மாற்றங்களும் பார்ட்டிஷன் கணக்கிலேயே ஏறும். தாயின் எண் பூஜ்யமாகவே நிற்கும். “மாற்றமே இல்லை, அனலைஸ் வேண்டாம்” என்று ஒரு கண்காணிப்பு ஸ்கிரிப்ட் மாதக்கணக்கில் சும்மா இருந்ததைப் பார்த்திருக்கிறேன். எழுதியது நான்தான்.

4. 200 என்ற எண்ணைத் தேடுங்கள்

எக்ஸ்பிளைன் வெளியீட்டில் குரூப் பை வரும் இடத்தில் ரோஸ் 200 என்று இருந்தால், அது யோசித்துச் சொன்ன 200 அல்ல. ஒரு நெடுவரிசையில் எத்தனை வெவ்வேறு மதிப்பு என்று தெரியாதபோது பிளானர் வைத்துக்கொள்ளும் ஊகம் அது. பயணி எண்ணால் குரூப் செய்கிறீர்கள், உண்மையில் 40 லட்சம் பயணிகள், பிளானர் 200 என்று எண்ணி எல்லாவற்றையும் மெமரியில் ஹாஷ் செய்துவிடலாம் என்று கிளம்பும். 13-லிருந்து நிரம்பி வழிந்தால் டிஸ்க்குக்குப் போகும். அதற்கு முந்தைய பதிப்புகளில் மெமரியே காலியாகும்.

ஜாயினில் இதே 200 எதிர்த்திசையில் கடிக்கும். டிக்கெட்டையும் கட்டணத்தையும் பயணி எண்ணால் இணைக்கிறீர்கள், இரண்டு தாய்க்கும் புள்ளிவிவரம் இல்லை, இரு பக்கமும் வடிகட்டியபின் 1 கோடி ரெக்கார்டு என்று வைத்துக்கொள்வோம். பிளானரின் கணக்கு: 1 கோடியை 1 கோடியால் பெருக்கி 200-ஆல் வகு. விடை 50,000 கோடி. அப்படி ஒரு எண்ணை நம்பி அது தேர்ந்தெடுக்கும் பாதை எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

புள்ளிவிவரம் இருந்து பழசாகியிருந்தால் 200 வராது, ஆனால் மதிப்பீடும் நிஜமும் பல மடங்கு தள்ளி நிற்கும். அப்போது ஒரு சோதனை செய்யுங்கள். அதே க்வெரியில் தாயின் பெயருக்குப் பதில் ஜூன் பார்ட்டிஷனின் பெயரையே நேரடியாக எழுதி எக்ஸ்பிளைன் பாருங்கள். மதிப்பீடு நிஜத்துக்கு நெருங்கி வந்தால் குற்றம் தாயிடம். அப்படியும் தப்பாகவே இருந்தால் பார்ட்டிஷனின் புள்ளிவிவரமே சரியில்லை, 5-ம் படியில்தான் உங்கள் வேலை.

5. முதலில் பார்ட்டிஷன்களைச் சரிசெய்யுங்கள்

தாய்க்கு ஓடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். இலைகளைக் கவனிக்க ஆட்டோவேக்யூம் இருக்கிறது, அதை ஒழுங்காக அமைத்துவிட்டால் அந்தப் பாதி வேலையை மறந்துவிடலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் இரவு ஓட்டும் ஸ்கிரிப்ட்டின் தலையில் கட்டுவீர்கள், அது விடிந்தும் முடியாது.

ஆட்டோவேக்யூம் ஒரு டேபிளை எப்போது அனலைஸ் செய்யும்? கடைசி அனலைஸுக்குப் பின் நடந்த மாற்றங்கள், 50-ஐயும் மொத்த ரெக்கார்டில் 10 சதவீதத்தையும் கூட்டிய எண்ணைத் தாண்டும்போது. 2 கோடி உள்ள பார்ட்டிஷனுக்கு அது சுமார் 20 லட்சம். மாதத் தொடக்கத்தில் பார்ட்டிஷன் சிறியது, அடிக்கடி அனலைஸ் ஆகும். மாதக் கடைசியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறைதான். ஆனால் எல்லோரும் கேட்பது நேற்றையும் இன்றையும்தான். அந்த நாட்கள் இருப்பதே பிளானருக்குத் தெரியாது. தேதி வரம்புக்கு ஒரே ஒரு ரெக்கார்டு என்று மதிப்பிட்டு நெஸ்டட் லூப்பில் (ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் மறுபக்கத்தை மறுபடி தேடும் முறை) இறங்கிவிடும்.

ஆகவே நடப்பு மாதப் பார்ட்டிஷனுக்கு மட்டும் ஆட்டோவேக்யூம்_அனலைஸ்_ஸ்கேல்_ஃபேக்டர் மதிப்பை 0.01 ஆக்குங்கள். அல்லது அதை 0 ஆக்கி, ஆட்டோவேக்யூம்_அனலைஸ்_த்ரெஷோல்ட் மதிப்பை 1 லட்சம் போல ஒரு நிலையான எண்ணாக வையுங்கள். எனக்கு இரண்டாவது பிடிக்கும். எப்போது ஓடும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.

இந்த அமைப்பைத் தாய் டேபிளில் போட முயன்றால் போஸ்ட்கிரெஸ் ஏற்காது. இலையில்தான் போட வேண்டும். புதுப் பார்ட்டிஷன் உருவாக்கும் ஸ்கிரிப்ட்டிலேயே இதையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் மூன்று மாதம் நன்றாக இருந்து நாலாவது மாதம் பழைய கதை.

மொத்தமாக டேட்டா ஏற்றும் இடத்தில் ஆட்டோவேக்யூமுக்குக் காத்திருக்காதீர்கள். அது நிமிடத்துக்கு ஒரு முறைதான் கண் விழிக்கும், அப்போதும் வேலையாட்கள் வேறு டேபிளில் இருக்கலாம். ஏற்றி முடித்த அடுத்த வரியிலேயே அந்தப் பார்ட்டிஷனுக்கு அனலைஸ் ஓட்டுங்கள். தனி டேபிளாக ஏற்றி அட்டாச் செய்கிறீர்கள் என்றால் வரிசை இது: ஏற்று, இன்டெக்ஸ் போடு, அனலைஸ் செய், அப்புறம் அட்டாச். அந்த டேபிளின் புள்ளிவிவரம் அதனுடனேயே வரும், இணைந்த கணத்திலிருந்து பிளானருக்குப் பயன்படும்.

6. தாய்க்கு அனலைஸ்: செலவைக் கணக்கிட்டு ஓட்டுங்கள்

கட்டளை எளிது: அனலைஸ் என்று எழுதித் தாயின் பெயர். என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

முதலில் தாய்க்காக, எல்லா இலைகளிலும் அவற்றின் அளவுக்கேற்பப் பங்கிட்டு 30,000 ரெக்கார்டு மாதிரி எடுக்கும். டிஃபால்ட்_ஸ்டாட்டிஸ்டிக்ஸ்_டார்கெட் 100, அதன் 300 மடங்கு. அதோடு நிற்காது. ஒவ்வொரு இலைக்குள்ளும் இறங்கித் தனித்தனியாக 30,000 மாதிரி எடுத்து அதன் புள்ளிவிவரத்தையும் புதுப்பிக்கும். நடுவில் அடுக்கு இருந்தால் அதற்கும் ஒன்று.

செலவு அந்த இரண்டாவது பகுதியில்தான். 30,000 ரெக்கார்டு எடுக்க அதிகபட்சம் 30,000 பிளாக் படிக்கும். பிளாக்குக்கு 8 கேபி, ஆக இலைக்குச் சுமார் 234 எம்பி. 36 இலைக்கு இது பெரிதல்ல. நாளுக்கு ஒன்றாக 365 பிரித்திருந்தால் 80 ஜிபிக்கு மேல், அதுவும் தொடர்ச்சியாக அல்ல, அங்கொன்றும் இங்கொன்றுமாக. பல மாதமாக ஒரு எழுத்தும் மாறாத பழைய பார்ட்டிஷனையும் தினமும் படித்துக்கொண்டிருக்கும்.

18-ல் ஒன்லி என்ற சொல் வந்திருக்கிறது. அனலைஸ் ஒன்லி என்று தாயின் பெயரை எழுதினால் தாய்க்கு மட்டும் மாதிரி எடுத்துவிட்டு நின்றுவிடும். இலைகளை 5-ம் படிப்படி ஆட்டோவேக்யூம் பார்த்துக்கொள்கிறது, தாயை நீங்கள் சில நிமிடத்தில் முடிக்கிறீர்கள். பெரிய மரம் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு சொல்லுக்காகவே 18-க்கு மாறலாம் என்பேன்.

17-லோ அதற்கு முன்போ இருப்பவர்களுக்கு இந்தக் குறுக்குவழி இல்லை. ஜாயினிலும் குரூப் பையிலும் வரும் நெடுவரிசைகளை மட்டும் அடைப்புக்குள் எழுதி ஓட்டலாம். கணக்கிடும் வேலை குறையும், ஆனால் பிளாக் படிப்பது குறையாது. இலைகளின் மாற்ற எண்ணும் பூஜ்யத்துக்குத் திரும்பாது. டிஸ்க் திணறினால் அந்த செஷனில் வேக்யூம்_காஸ்ட்_டிலே மதிப்பை 2 மில்லிசெகண்ட் போல வைத்து ஓட்டுங்கள். கையால் ஓட்டும்போது அது 0, அதாவது முழு வேகம்.

செத்த ரெக்கார்டுகளைச் சுத்தம் செய்யும் வேக்யூமையும் அனலைஸையும் சேர்த்து ஓட்டாதீர்கள். எங்கோ படித்த ஞாபகத்தில் பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். புள்ளிவிவரத்துக்கு வேக்யூம் தேவையே இல்லை, நேரம்தான் போகும்.

ஓடும்போது எங்கே இருக்கிறது என்று அறிய, 13-லிருந்து பிஜி_ஸ்டேட்_ப்ராக்ரஸ்_அனலைஸ் வியூ உண்டு. மொத்த இலைகள் எத்தனை, முடிந்தவை எத்தனை என்று காட்டும்.

7. லாக்: இங்கேதான் இரவில் போன் வரும்

அனலைஸ் எடுப்பது ஷேர் அப்டேட் எக்ஸ்க்ளூசிவ் லாக். படிப்பதையும் எழுதுவதையும் அது தடுக்காது. அதனால் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். சிக்கல் அனலைஸால் நேரடியாக வருவதில்லை, அதன் பின்னால் வந்து நிற்பவரால் வருகிறது.

இரவு 1 மணிக்கு அனலைஸ் தாயின் மாதிரியை எடுத்துக்கொண்டிருக்கிறது. 1.05-க்கு இன்னொரு வேலை பழைய பார்ட்டிஷனை டிராப் செய்ய வருகிறது. அதற்குத் தாயின் மேல் ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ் லாக் வேண்டும். கிடைக்காமல் காத்திருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிற ஒவ்வொரு சாதாரண செலக்டும் அந்த டிராப்புக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். அனலைஸ் யாரையும் தடுக்கவில்லை, டிராப் இன்னும் தொடங்கவேயில்லை, ஆனால் அப்ளிகேஷன் முழுக்க நின்றுவிட்டது.

இதைத் தவிர்க்க மூன்று பழக்கம். பார்ட்டிஷன் பராமரிப்பையும் அனலைஸையும் இரண்டு தனித்தனி கிரான் வேலைகளாக வைக்காமல், ஒரே ஸ்கிரிப்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதுங்கள்: டிடாச், டிராப், புதியதை உருவாக்குதல், கடைசியில் அனலைஸ். டிராப்புக்கு முன் லாக்_டைம்அவுட் வையுங்கள். 3 செகண்டில் கிடைக்காவிட்டால் விலகி, பிறகு முயலட்டும். 14-லிருந்து டிடாச்சைக் கன்கரன்ட்லி என்று ஓட்டினால் தாயின் மேல் கனமான லாக் தேவைப்படாது. ஆனால் டிஃபால்ட் பார்ட்டிஷன் இருந்தால் அது செல்லாது, அட்டாச் டிடாச் இரண்டும் அனலைஸோடு மோதிக் காத்திருக்கவும் செய்யும்.

அனலைஸைப் பிகின், கமிட் நடுவே வைக்காதீர்கள். ஃபங்ஷனுக்குள்ளும் வேண்டாம். தனியாக ஓட்டினால் தாய் ஒரு டிரான்சாக்ஷன், ஒவ்வொரு இலையும் ஒரு டிரான்சாக்ஷன், முடிய முடிய லாக்கை விட்டுக்கொண்டே போகும். ஒரு பிளாக்குக்குள் வைத்தால் எல்லா லாக்கையும் கடைசி வரை பிடித்துக்கொள்ளும்.

8. எப்போது ஓட்டுவது

“தினமும் இரவில்” என்பது பதில் போலத் தோன்றும், ஆனால் பல இடங்களில் அது அதிகம், சில இடங்களில் போதாது. நிகழ்வைப் பார்த்து ஓட்டுங்கள்.

பார்ட்டிஷன் அட்டாச் ஆனாலும், டிடாச் ஆனாலும், டிராப் ஆனாலும் தாயின் புள்ளிவிவரம் அப்படியேதான் இருக்கும். போன மாதம் கழற்றிய டேட்டா இன்னும் இருப்பதாகவே தாய் சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே மரத்தின் உருவம் மாறும் ஒவ்வொரு முறையும் ஒன்று. பெரிய டேட்டா ஏற்றம், பெரிய டெலீட் முடிந்தால் ஒன்று. காலியான தாய்க்கு அனலைஸ் ஓட்டிவிட்டு அப்புறம் டேட்டா ஏற்றுவது அடிக்கடி பார்க்கும் வரிசைத் தவறு. ஏற்றிய பிறகுதான் ஓட்ட வேண்டும்.

இவை தவிர மெல்ல மெல்ல ஏறும் மாற்றத்துக்கு ஒரு சிறிய கணக்கு வைத்துக்கொள்ளலாம். இலைகளின் என்_மாட்_சின்ஸ்_அனலைஸ் எண்களைக் கூட்டினால் சரிப்படாது. ஆட்டோவேக்யூம் ஒவ்வொரு இலையாக அதைப் பூஜ்யமாக்கிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் இலைகளின் என்_டப்_இன்ஸ், என்_டப்_அப்டி, என்_டப்_டெல் மூன்றையும் கூட்டிய மொத்தத்தைத் தாய்க்கு அனலைஸ் ஓட்டும்போது ஒரு சிறு டேபிளில் எழுதி வையுங்கள், இலைகளின் எண்ணிக்கையோடு. தினமும் புது மொத்தத்தை எடுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் மொத்த ரெக்கார்டில் 10 சதவீதத்தைத் தாண்டினாலோ, இலைகளின் எண்ணிக்கை மாறினாலோ ஓட்டுங்கள். மொத்தம் முன்பைவிடக் குறைந்திருந்தாலும் ஓட்டுங்கள். ஏதோ இலை போயிருக்கிறது, அல்லது சர்வர் கிராஷாகி எண்கள் அழிந்திருக்கின்றன.

10 சதவீதம் என்பது ஆட்டோவேக்யூமிலிருந்து எடுத்த எண்தான், வேதவாக்கு இல்லை. 72 கோடி டேபிளில் பயணிகளின் பரவல் அப்படியொன்றும் வேகமாக மாறாது, எனக்கு மாதம் இரண்டு முறையே போதுமாக இருந்தது.

பார்ட்டிஷன்களை உருவாக்க பிஜி_பார்ட்மேன் என்ற எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்துகிறவர்கள், அதன் பராமரிப்பு ஃபங்ஷனில் பி_அனலைஸ் என்ற தேர்வு ட்ரூவா ஃபால்ஸா என்று பார்த்துவிடுங்கள். அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து விட்டுவிடுவது வழக்கம்.

9. வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கை தப்பாக வந்தால்

தாய்க்கு அனலைஸ் ஓட்டியும் பயணி எண்ணிக்கை 40 லட்சத்துக்குப் பதில் 3 லட்சம் என்று வருகிறதா? 72 கோடியில் 30,000 மாதிரி. சிலர் தினமும் பஸ் ஏறுகிறார்கள், பலர் வருடத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார்கள். இப்படிச் சமமில்லாத பரவலில் மாதிரியை வைத்துச் சொல்லும் எண் குறைவாகவே வரும்.

முதல் வழி, தாயில் அந்த நெடுவரிசையின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அளவை 500 ஆக்குவது. மாதிரி 1,50,000 ஆகும். இதை ஆல்டர் டேபிள் ஒன்லி என்று தாய்க்கு மட்டும் சொல்லுங்கள். ஒன்லி இல்லாமல் எழுதினால் அது எல்லா இலைகளுக்கும் இறங்கி, ஒவ்வொரு இலையின் அனலைஸும் ஐந்து மடங்கு கனக்கும்.

இரண்டாவது வழி, எண்ணை நீங்களே சொல்லிவிடுவது. நெடுவரிசைக்கு என்_டிஸ்டிங்க்ட்_இன்ஹெரிட்டட் என்ற தேர்வில் 40,00,000 என்று எழுதலாம். டேட்டாவோடு சேர்ந்து வளரும் எண்ணாக இருந்தால் விகிதமாக, மைனஸ் குறியோடு எழுதலாம்: மைனஸ் 0.0055 என்றால் மொத்த ரெக்கார்டில் 0.55 சதவீதம். பெயரைக் கவனியுங்கள். வெறும் என்_டிஸ்டிங்க்ட் என்று தாய்க்குப் போட்டால் பிழையும் வராது, பலனும் வராது. அது டேபிளின் சொந்த ரெக்கார்டுகளுக்கானது, தாய்க்குத்தான் சொந்த ரெக்கார்டே இல்லையே. எழுதியதும் மறுபடி அனலைஸ் ஓட்டினால்தான் அது அமலுக்கு வரும்.

டிப்போவும் மாவட்டமும் போல ஒன்றையொன்று சார்ந்த நெடுவரிசைகளைச் சேர்த்துக் குரூப் செய்கிறீர்கள் என்றால், க்ரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கொண்டு தாய்க்கு ஒரு கூட்டுப் புள்ளிவிவரம் உருவாக்குங்கள். 15-லும் அதற்குப் பின்னும் இது தாய்க்கு நன்றாக வேலை செய்கிறது. தாயில் உருவாக்கியது இலைகளுக்குத் தானாக இறங்காது. வேர் பகுதியில் இரண்டையும் சேர்த்து வடிகட்டுகிறவர்கள் இலைகளிலும் தனியாக உருவாக்க வேண்டும்.

10. அப்கிரேடு, ரீஸ்டோர், ஃபெயில்ஓவர்

பிஜி_அப்கிரேடு மூலம் 17 அல்லது அதற்கு முந்தைய பதிப்புக்கு மாறினால் எல்லாப் புள்ளிவிவரமும் போய்விடும். பழைய மாதங்களில் இனி எழுத்தே நடக்காது, மாற்ற எண்ணும் பூஜ்யம், ஆகவே ஆட்டோவேக்யூம் அந்தப் பார்ட்டிஷன்களை எட்டிக்கூடப் பார்க்காது. காத்திருந்தால் தானாகச் சரியாகும் என்பது இங்கே நடக்காத காரியம்.

அப்கிரேடுக்குப் பின் வழக்கமாக எல்லோரும் ஓட்டுவது வேக்யூம்டிபி என்ற கருவி. 17 வரை அதை முழு டேட்டாபேஸுக்கு ஓட்டினால் இலைகளை மட்டும் செய்யும், தாய் டேபிள்களைச் சேர்க்காது. ஆனால் எஸ்க்யூஎல்லில் எந்தப் பெயரும் இல்லாமல் வெறும் அனலைஸ் என்று ஓட்டினால் தாயும் சேரும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். வேக்யூம்டிபி முடிந்ததும் தாய் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி ஓட்டுங்கள்.

18-க்கு மாறும்போது பிஜி_அப்கிரேடு சாதாரணப் புள்ளிவிவரத்தை எடுத்துவருகிறது. க்ரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மூலம் உருவாக்கியவற்றின் டேட்டா வராது, அவற்றுக்காகவாவது ஒரு முறை ஓட்ட வேண்டும்.

ஃபெயில்ஓவரில், அதாவது பிரைமரி விழுந்து ரெப்ளிகா அதன் இடத்துக்கு வரும்போது, பிளானர் புள்ளிவிவரம் ரெப்ளிகாவுக்கு வந்திருக்கும், மாற்ற எண்ணிக்கைகள் வந்திருக்காது. ஆட்டோவேக்யூம் புதிய பிரைமரியில் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். நடப்பு மாதப் பார்ட்டிஷனுக்கும் தாய்க்கும் கையோடு ஓட்டிவிடுவது நல்லது.

11. சரியாயிற்றா என்று பாருங்கள்

முதலில் எடுத்துவைத்த எக்ஸ்பிளைன் அனலைஸை மறுபடி எடுத்து, மொத்த நேரத்தை அல்ல, ஒவ்வொரு படியிலும் மதிப்பீட்டையும் நிஜத்தையும் ஒப்பிடுங்கள். கேஷ் சூடாக இருந்தாலே நேரம் குறைந்துவிடும், அது ஏமாற்றும். ஜாயினிலும் குரூப் பையிலும் இரண்டு எண்களும் சில மடங்குக்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது. அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை.

எல்லாம் செய்தும் வேர் பகுதியில் ஒரு நிபந்தனை மட்டும் சரியாக இருநூறில் ஒரு பங்கு என்று மதிப்பிடப்படுகிறதா? அந்த நிபந்தனையைப் பாருங்கள். பெரும்பாலும் நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்திருப்பீர்கள், லோயர் என்றோ டேட்_ட்ரங்க் என்றோ. நெடுவரிசைக்குப் புள்ளிவிவரம் இருக்கிறது, ஃபங்ஷன் தரும் விடைக்கு இல்லை. முடிந்தால் ஃபங்ஷனை எடுத்துவிட்டுத் தேதி வரம்பாக எழுதுங்கள், பார்ட்டிஷன் கழிப்பும் அப்போதுதான் வேலை செய்யும். முடியாதென்றால் 14-லிருந்து அந்த எக்ஸ்பிரஷனுக்கே க்ரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போடலாம், ஒவ்வொரு இலையிலும். போட்டபின் அந்த இலைக்கு ஒரு அனலைஸ்.